பட்டன் எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கையின் வேகமே சொல்லட்டும்

பவர் பிரஸ்ஸில் விரலை இழந்தவரிடம் விசாரணைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "கையை ஏன் உள்ளே விட்டாய்?" என்பதுதான். நாங்கள் கேட்பது வேறு. பட்டனுக்கும் டைக்கும் நடுவே எவ்வளவு தூரம்? பட்டனை விட்டபின், டையை நோக்கி இறங்கும் ராம் நிற்க எவ்வளவு நேரம்?

கை வினாடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் நீளும் என்று வைத்துத்தான் ஐ.எஸ்.ஓ. 13855 தரநிலையின் 2010 பதிப்பு, இரு கைகளாலும் சேர்த்து அமுக்க வேண்டிய இருகைப் பட்டனின் தூரத்தைக் கணக்கிடுகிறது. அந்த வேகத்தை நிற்கும் நேரத்தால் பெருக்கி, 250 மில்லிமீட்டர் கூட்ட வேண்டும். ராம் நிற்க 0.3 வினாடி ஆனால் தூரம் 730 மில்லிமீட்டர். பிரேக் தேய்ந்து அதுவே 0.4 ஆனால் 890. பட்டன் என்னவோ பழைய இடத்தில்தான் இருக்கும். அதனால் நிற்கும் நேரத்தை மெஷின் வாங்கிய அன்றோடு விடாமல், குறித்த இடைவெளியில் அளந்து மெஷின் மேலேயே எழுதி ஒட்ட வேண்டும்.

எங்களை அதிகம் கவலைப்படுத்துவது கீ கிளட்ச் பிரஸ்கள். கிளட்ச் ஒருமுறை பிடித்தால் முழுச் சுற்று முடியாமல் விடாது. பட்டனிலிருந்து கையை எடுத்தாலும் ராம் இறங்கியே தீரும். நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக் ஓடும், சுற்றுக்கு ஒரே இடத்தில் பிடிக்கும் கிளட்சை எடுத்துக்கொள்வோம். பிடிக்க ஒரு சுற்று, அடிமட்டம் தொட அரைச் சுற்று: மோசமான நிலையில் 1.5 வினாடி. அதற்குள் கை 2.4 மீட்டர் போய்விடும். அவ்வளவு தள்ளிப் பட்டன் வைத்த பிரஸ்ஸை நாங்கள் எங்கும் பார்த்ததில்லை. ஆகவே இவற்றில் இருகைப் பட்டனைப் பாதுகாப்பு என்று கணக்கில் காட்டக் கூடாது. டையை மூடும் நிலையான கூண்டோ, ஸ்ட்ரோக் முடியும்வரை திறக்காத கதவோ கட்டாயம் வேண்டும்.

ஒரே கையால் ஓட்டுவதற்காக ஒரு பட்டனில் குச்சி செருகியிருந்தால் ஆபரேட்டருக்கு மெமோ கொடுப்பது தீர்வல்ல. தோளுக்கு மேலே இருக்கும் பட்டனை நாள் முழுக்க ஆயிரக்கணக்கான முறை அமுக்கிப் பார்த்தால் குச்சியின் காரணம் புரியும். முழங்கை உயரத்தில் வையுங்கள். இரண்டு பட்டனும் அரை வினாடிக்குள் சேர்ந்து அமுங்கினால் மட்டுமே ஓட வேண்டும். இரண்டையும் விட்டால்தான் அடுத்த ஸ்ட்ரோக். ஒரே கையின் விரலும் முழங்கையும் எட்டாதபடி நடுவே 550 மில்லிமீட்டர் இருக்கட்டும்.

அளவெடுத்த தாளைக் கேட்டுப் பார்க்கும் உரிமை ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அப்ரண்டிஸுக்கும் வேண்டும். தூரம் போதாத பிரஸ்ஸை, ஆர்டர் எவ்வளவு அவசரமாக இருந்தாலும், சரிசெய்யும்வரை ஓட்டக் கூடாது.