அகலிகையை மறுபடி எழுதினால் என்ன கெட்டுவிடும்?

கல்லூரிப் படைப்பிலக்கிய வகுப்பில் புராணக் கதை ஒன்றை மாற்றி எழுதச் சொன்னால் எழும் முணுமுணுப்பு நமக்குப் பழக்கமானதுதான். சொந்தமாகக் கதை கட்டத் தெரியாதவர்களுக்கு அது குறுக்குவழி. மூலத்தைப் படிக்காத பிள்ளைகள் அதைச் சிதைத்துவிடுவார்கள். பக்தர் மனம் புண்படும். எழுதுவதற்கு அவரவர் வாழ்க்கை இருக்கும்போது பழங்கதை எதற்கு? ஒவ்வொன்றும் நியாயம்போல் ஒலிக்கும். தமிழ் இலக்கியம் நடந்து வந்த வழியோ இவற்றில் எதற்கும் துணை நிற்கவில்லை.

குறுக்குவழி என்ற பேச்சுக்குக் கணவன் கௌதமனின் சாபத்துக்கு ஆளான அகலிகையே பதில். வான்மீகியின் பாலகாண்டத்தில் அவள் கல்லாவதில்லை. காற்றை உண்டு, சாம்பலில் கிடந்து, யார் கண்ணிலும் படாமல் தவம் கிடக்கிறாள். சாபம் தீர்ந்ததும் இராமனும் இலக்குவனும் அவள் காலைத் தொட்டு வணங்குகிறார்கள். கம்பனிடம் அவள் கல். இராமனின் திருவடித் துகள் பட்டு எழுகிறாள். வணக்கத்தின் திசையே மாறிவிட்டது. 1943இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ அவள் எழுந்த பிறகு நடப்பதைப் பேசுகிறது. இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னதை அவள் வாயாலேயே கேட்கும் அகலிகை, மீண்டும் கல்லாகிறாள். இதற்கும் முன்பே ‘அகல்யை’ என்ற கதையில் வேறொரு கௌதமனைக் காட்டியவர் அவர். ஒரே கதையிடம் இரண்டு முறை போன எழுத்தாளரைக் கற்பனை வறண்டவர் என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

உண்மையில் இது கடினமான பயிற்சி. முடிவு எல்லோருக்கும் தெரியும். ஆகவே ‘அடுத்து என்ன’ என்ற ஆவலைக் காட்டி வாசகரை இழுத்துப்போக வழியில்லை. எங்கே தொடங்குவது, யார் பக்கம் நிற்பது, எதைச் சொல்லாமல் விடுவது என்ற கேள்விகளே மிஞ்சும். எம்.டி. வாசுதேவன் நாயரின் ‘ரண்டாமூழம்’ பாரதத்தைப் பீமன் பக்கம் நின்று சொன்ன நாவல். மாணவர் கற்க வேண்டிய கலை அந்த இடமாற்றத்தில்தான் இருக்கிறது.

மூலம் தெரியாது என்பது பெரும்பாலும் மெய்தான். பலருக்கு இராமாயணம் தொலைக்காட்சித் தொடராகவே வந்து சேர்ந்தது. ஆனால் மாற்ற வேண்டும் என்றால், முதலில் அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். தேர்வுக்கு உரைநூலோடு நின்றுவிடும் மாணவரைக் கம்பனின் பாடல்களுக்குள் கொண்டுபோய் விட இந்தப் பயிற்சியால் முடியும்.

மனம் புண்படும் என்ற அச்சம்தான் வகுப்பறைக்குள் அதிகம் செல்லுபடியாகிறது. இராமாயணங்களின் பன்மையைப் பேசிய ஏ.கே. ராமானுஜனின் கட்டுரையைத் தில்லிப் பல்கலைக்கழகம் 2011இல் வரலாற்றுப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. வான்மீகியின் அகலிகையையும் கம்பனின் அகலிகையையும் அருகருகே வைத்துக் காட்டிய கட்டுரை அது. கதையை மாற்றுவது பக்திக்கு எதிரானது என்போர் கூவாகத்தைப் பார்க்கட்டும். வியாசரின் பாரதத்தில் அரவான் எட்டாம் நாள் போரில் அலம்புசன் கையால் மடிகிறான். தமிழ் மரபில் அவன் பாண்டவர் வெற்றிக்காகத் தன்னையே களப்பலியாகக் கொடுத்தவன். கண்ணன் மோகினியாகி அவனை மணந்தான் என்பது மக்கள் வழக்கு. அந்தக் கதையை நம்பித்தான் சித்திரையில் திருநங்கையர் கூவாகத்தில் உள்ள கூத்தாண்டவர் கோயிலில் தாலி கட்டிக்கொள்கிறார்கள், பிறகு தாலியறுத்து அழுகிறார்கள். இங்கே கதையை மாற்றியது பக்திதான்.

சொந்த வாழ்க்கையை எழுதச் சொல்வது நல்லதுதான், எல்லோராலும் முடிந்தால். வீட்டில் சந்தேகப் பேச்சு கேட்டு வளர்ந்த ஒரு மாணவி அதைத் தன் பெயரில் எழுதி வகுப்பில் படித்துக்காட்ட மாட்டாள். அகலிகையின் குரலில் எழுதுவாள். பாரதியும் அந்நிய ஆட்சிக்கு எதிரான கோபத்தைப் பாஞ்சாலியின் சபதத்தில் வைத்தார். புதுச்சேரியில் இருந்தபோது, 1912இல், அதன் முதல் பாகம் வந்தது.

ஆசிரியர் செய்ய வேண்டியவை சில உண்டு. இரண்டு மூலப் பகுதிகளையாவது வகுப்பில் சேர்ந்து படிக்க வேண்டும். கதையோடு ஒரு பக்கக் குறிப்பும் கேட்க வேண்டும்: எந்த நூலிலிருந்து எடுத்தது, எந்த இடத்தில் விலகியது, ஏன் விலகியது. அந்தக் குறிப்புக்கும் மதிப்பெண் போட வேண்டும்.