ராண்டம் நம்பர் ரூபாட்டோ ஆகாது

பகல்ல பொட்டி தட்டுறது, ராத்திரி பத்து மணிக்கு மேல அதே பொட்டியில மியூசிக் எழுதுறது. நம்ம பொழப்பு இப்படித்தான் ஓடுது. போன ரெண்டு மாசமா பியானோவுக்கு மட்டும்னு ஒரு சின்ன உருப்படி எழுதிக்கிட்டிருக்கேன். ஏ மைனர், 6/8 தாளம், மொத்தம் 32 பார். ஷோபான், ஷூமான் காலத்து ரொமாண்டிக் பாணி. (ரொமாண்டிக்னு சொன்னதும் ஆபீஸ்ல ஒருத்தர் "யாருக்குப்பா எழுதுறே?"ன்னு கண்ணடிச்சார். 19-ம் நூற்றாண்டு ஐரோப்பிய இசைக்கு அதுதான் சார் பேரு, வேற ஒண்ணுமில்ல.)

வாசிச்சா ரெண்டு நிமிஷம்கூட வராது, இதெல்லாம் ஒரு உருப்படியான்னு கேட்கலாம். ஷோபான் 1839-ல் வெளியிட்ட 24 ப்ரெலூட்கள்ல ஏழாவது வெறும் 16 பார். இருபதாவது 13 பார்தான். சின்னதா எழுதுறதுக்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

விஷயத்துக்கு வர்றேன். இந்த மாதிரி இசையைக் கணினியில எழுதுறவங்க பெரும்பாலும் ரெண்டு கட்சி. ஒரு கட்சி பியானோ ரோல்ல கட்டம் கட்டமா நிரப்புறவங்க. இன்னொரு கட்சி மியூஸ்ஸ்கோர் மாதிரி மென்பொருள்ல ஐந்து கோடு போட்டு ஸ்வரக்குறிப்பா எழுதுறவங்க. நான் ரெண்டாவது கட்சி. பியானோ ரோல் எந்த நோட் எப்ப ஆரம்பிச்சு எப்ப முடியுதுன்னு காட்டும். அது எந்தக் கைக்குச் சொந்தம், மெலடியா, நடுவுல ஓடுற இன்னொரு குரலா, பேஸா, இதையெல்லாம் அது கேட்கவே கேட்காது. கோட்டுல எழுதும்போது ஒவ்வொரு நோட்டுக்கும் இதுக்கெல்லாம் பதில் சொல்லியே ஆகணும். கோடிங்ல டைப் டிக்ளேர் பண்ணச் சொல்லி உயிரை வாங்குற கம்பைலர் மாதிரி. எரிச்சலா இருக்கும், ஆனா பின்னாடி நம்மளைக் காப்பாத்தும்.

என் உருப்படியில இடது கை கீழே ஒரு ஏ, மேலே ஈ, அதுக்கும் மேலே சி-ன்னு பரந்து ஏறி இறங்குது. அந்த ஏ-யிலிருந்து சி வரைக்கும் பத்தாவது இடைவெளி. சாதாரணக் கைக்கு ஒரே அமுக்குல எட்டாது. அதனாலதான் ஒண்ணு ஒண்ணா உடைச்சு வாசிக்கிறது, பெடலை மிதிச்சு அந்த ஏ-யைத் தொங்கவிட்டு வைக்கிறது. பியானோ சத்தம் அடிச்ச நொடியிலிருந்தே தேய ஆரம்பிச்சிடும், வயலின் மாதிரி இழுத்துப் பெருக்க முடியாது. வலது கை ஒரு நீளமான நோட்டுல நிக்கும்போது இடது கை ஓடிக்கிட்டே இருந்தாத்தான் காத்துல சத்தம் உயிரோட இருக்கும். அந்தக் கால நாக்டர்ன்கள்ல இடது கை ஏன் அப்படி அலையுதுன்னு கேட்டா, கருவியோட இந்தக் குறை ஒரு பெரிய காரணம்.

பெடல்னு வந்தாச்சு, இதையும் சொல்லிடறேன். மிடியில பெடல் 64-ம் நம்பர் கன்ட்ரோலர். பல பேர் பார் கோட்டுலயே எடுத்து அதே இடத்துலயே திரும்ப மிதிச்சு வச்சிடுறாங்க. நிஜ மனுஷன் கால் அப்படிப் போகாது. புது கார்டு விழும்போது கால் மேல வரும், ஒரு கணம் கழிச்சுத்தான் கீழே போகும். ஒரு கால் நோட்டுக்கு 480 டிக், நிமிஷத்துக்கு 60 கால் நோட்டுன்னா, 50 டிக் தள்ளி மிதிக்க வைங்க. பத்துல ஒரு பங்கு செகண்ட். போன கார்டோட மிச்சம் கழுவிட்டுப் போயிடும், நடுவுல ஓட்டையும் விழாது. இதைச் செய்யாம, பத்தாயிரக்கணக்குல செலவு பண்ணி சாம்பிள் லைப்ரரி வாங்கி ஒரு புண்ணியமும் இல்லை.

இப்ப தலைப்புக்கு. "ஹியூமனைஸ்"னு ஒரு பட்டன் இருக்கு பாருங்க, எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. அது செய்யறது என்ன? ஒவ்வொரு நோட்டையும் சில மில்லிசெகண்ட் முன்னப் பின்ன ராண்டமா தள்ளும், 127-க்குள்ள இருக்கிற வெலாசிட்டியைக் கொஞ்சம் கலைச்சு விடும். வேலை முடிஞ்சது, மனுஷன் வாசிச்சாச்சு! அட, மனுஷன் தாமதிக்கிறது டைஸ் உருட்டியா? மேல ஏறுற இடத்துல தயங்குறான், ஏன்னா அந்த உச்சி நோட் வரப்போகுதுன்னு அவனுக்குத் தெரியும். ரூபாட்டோவுக்குக் காரணம் உண்டு, ராண்டம் நம்பருக்குக் கிடையாது. ஷோபானோட மாணவர்கள் சொல்லிவச்சது, அவர் இடது கை தாளத்தைப் பிடிச்சிருக்கும், வலது கை அதுமேல சுதந்திரமாப் பாடும்னு. அப்போ தள்ளிப்போறது ஒரு குரல் மட்டும்தான், அதுவும் ஒரே திசையில, சேர்ந்தாப்புல.

இதுல ஒரு வேடிக்கை. அந்த "பியானோ ரோல்"ங்கிற பேரே தானா வாசிக்கிற பழைய பியானோக்களோட ஓட்டை போட்ட காகிதச் சுருள்லேர்ந்து வந்தது. ஜெர்மனியில வெல்ட்டே கம்பெனி 1904-ல் கலைஞர் வாசிப்பையே, பெடல் உள்பட, சுருள்ல பிடிக்கிற கருவியைக் கொண்டுவந்தாங்க. 1830-ல் பிறந்த லெஷெட்டிட்ஸ்கி 1906-ல் அதுல வாசிச்சு வச்சிருக்கார். அந்தத் தலைமுறை வாசிப்பைக் கேட்டா ரெண்டு கையும் ஒண்ணா விழவே விழாது. பேஸ் முன்னாடி, மெலடி பின்னாடி. நாம குவான்டைஸ் பண்ணி ஒரே கோட்டுல நிறுத்தி வைக்கிறது எந்த ரொமாண்டிக்னு தெரியலை :-)

நான் பண்றது ரொம்ப எளிசு. மெலடியை வாயால பாடிக்கிட்டே ஒவ்வொரு பீட்டுக்கும் கீபோர்டுல ஒரே கட்டையைத் தட்டி ரெக்கார்ட் பண்றேன். அந்தத் தட்டுகளையே டெம்போ மேப்பா மாத்திக்கிற வசதி பல மென்பொருள்ல உண்டு. மூச்சு வாங்குற இடத்துல தாளம் தானா விரியுது. அப்புறம் மெலடி வெலாசிட்டி 75 பக்கம், நடுக்குரல் 40 பக்கம். அவ்வளவுதான்.

"இவ்வளவு மெனக்கெடணுமா, ஏஐ கிட்ட ஒரு வரி சொன்னா ஒரு நிமிஷத்துல ஷோபான் மாதிரி தருமே"ன்னு டீம்ல ஒரு தம்பி கேட்டான். தரும். கேட்கவும் நல்லாத்தான் இருக்கும், மறுக்கலை. லிஃப்ட்ல ஓடவிட, விளம்பரத்துக்குப் பின்னணி போட அது போதும். ஆனா எனக்கு வேண்டியது ரெண்டு நிமிஷ சத்தம் இல்லை. 23-வது பார்ல ஈ-க்குப் போகணும். நேரா போகலாமா, பி ஃபிளாட் மேஜர் வழியா சுத்திப் போகலாமான்னு மூணு நாள் மண்டையை உடைச்சிக்கிட்டேன் பாருங்க, அது வேணும். அந்த மூணு நாளை இன்னொருத்தர் கிட்ட கொடுத்துட்டா எனக்கு என்ன மிச்சம்? சாப்பாடு வாங்கிச் சாப்பிடுறவன் கிட்ட "சமையல் வேஸ்ட்"னு சொன்னா தலையாட்டுவான். சமைக்கப் பிடிச்சவன் கிட்ட சொல்லிப் பாருங்க.

இதே கேள்வி எனக்கும் உண்டு, ஆனா வேற பக்கத்திலிருந்து. ஸ்பீக்கர்ல மட்டுமே ஒலிக்கிற பியானோ உருப்படி பியானோ உருப்படிதானா? என் கருத்து, இல்லை. கணினி எதையும் வாசிச்சுத் தள்ளிடும், ஒரு கையில ஏழு விரல் கேட்டாலும் முகம் சுளிக்காது. அதனால பாதி தூரம் வந்ததும் பிரின்ட் எடுத்து யாராவது வாசிக்கிறவங்க கையில கொடுத்துடணும்.

எங்க அபார்ட்மென்ட்ல மேல் மாடியில கிரேடு பரீட்சைக்குப் படிக்கிற பொண்ணு ஒண்ணு இருக்கா, பத்தாவது. அவகிட்ட கொடுத்தேன். 14-வது பார்ல நின்னா. "அண்ணா, இந்த நடுக்குரல் ஜி ஷார்ப்பை இடது கையில எடுத்துக்கட்டுமா? வலது கை பாட்டைப் பாடிட்டுப் போகட்டும்"னா. எடுத்து வாசிச்சா. நோட்டெல்லாம் அதேதான், ஆனா மெலடி ஒரு படி முன்னாடி வந்து நின்னுச்சு. மியூஸ்ஸ்கோர்ல அந்தப் பார் நூறு தடவையாவது ஓடியிருக்கும், அது ஒரு வார்த்தை கேட்கலை.

இப்ப 14-வது பார் அவ வாசிச்ச மாதிரியே இருக்கு. விரல் நம்பரும் அவ போட்டதுதான். அடுத்த வாரம் அவளுக்குப் பரீட்சை, அது முடிஞ்சதும் மிச்சம் 18 பாரையும் பார்க்கிறேன்னு சொல்லியிருக்கா.