சொல்லாமல் விட்ட இரண்டு நாள்கள்

2024 மார்ச் மாதம் டெய்லர் சுவிஃப்ட் நமது தேசிய விளையாட்டரங்கில் ஆறு இரவுகள் பாடினார். தென்கிழக்காசியாவில் வேறு எந்த ஊருக்கும் அவர் போகவில்லை. நுழைவுச்சீட்டுகள் அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே, 2023 ஜூலையில் விற்பனைக்கு வந்து தீர்ந்தும் போயிருந்தன. உயர்நிலை மூன்றில் படித்துக்கொண்டிருந்த என் தங்கைக்கு எப்படியாவது இரண்டு சீட்டு வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எனக்கு அப்போது 19 வயது. பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி. வார இறுதிகளில் ஒரு ரொட்டிக்கடையில் வேலை.

பிப்ரவரி கடைசி வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, இணையத்தில் கண்ட விற்பனையாளர் ஒருவருக்குப் பேநவ் வழியாக 696 வெள்ளி அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து இன்னுமொரு 200 வெள்ளி. மொத்தம் 896. சீட்டு வரவில்லை.

மோசடி பற்றி எழுதும்போதெல்லாம் நாம் பெரும்பாலும் ‘ஏமாறாதீர்கள்’ என்றுதான் எழுதுகிறோம். பள்ளிக் கூட்டங்களிலும் அதையேதான் கேட்கிறோம். நல்லதுதான். ஆனால் நான் இன்று எழுத நினைப்பது ஏற்கெனவே பணத்தை அனுப்பிவிட்டு, கைப்பேசியைப் பார்த்தபடி வயிறு கலங்க உட்கார்ந்திருக்கும் இளையருக்கு.

முதலில் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பலர் நினைப்பதுபோல் பேராசையில் விழுந்த கதை இல்லை அது. அந்த நிகழ்ச்சிக்குச் சாதாரணச் சீட்டின் விலை 108 வெள்ளியிலிருந்து 348 வெள்ளிவரை. மறுவிற்பனையில் பலரும் அதைப்போல் பல மடங்கு கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இவர் மட்டும் “வாங்கிய விலைக்கே தருகிறேன், என்னால் வர முடியவில்லை, ஒரு ரசிகருக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்” என்றார். அந்த நேர்மைதான் தூண்டில். வாங்கியதற்கான ரசீது, சீட்டுத் தெரியும் கைப்பேசித் திரையின் காணொளி, அடையாள அட்டையின் படம் எல்லாம் அனுப்பினார். பணம் அனுப்பும்போது திரையில் வேறொரு பெயர் வந்தது. கேட்டேன். “அது என் தம்பியின் கணக்கு” என்றார். எனக்கும் தங்கை இருக்கிறாள், நம்பினேன். பிறகு, சீட்டை என் பெயருக்கு மாற்றப் பிணைத்தொகை 200 வெள்ளி, மாற்றியதும் திரும்ப வந்துவிடும் என்றார். அதையும் அனுப்பிய கால் மணி நேரத்தில் உரையாடலே அழிந்துபோனது.

அந்தக் கால் மணி நேரத்துக்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. ஒன்றும் செய்யவில்லை.

புதன்கிழமை வகுப்புக்குப் போனேன். சாயங்காலம் தங்கை “அக்கா, சீட்டு வந்துடுச்சா?” என்றாள். “வரும்” என்றேன். அம்மாவிடம் சொன்னால், வங்கிக் கணக்கை நானே பார்த்துக்கொள்வேன் என்று முன்பு போட்ட சண்டையெல்லாம் திரும்ப வரும் என்று பயம். காவல்துறையிடம் போனால், கைபேசி வைத்திருக்கும் தலைமுறைக்கு இதுகூடத் தெரியாதா என்று சிரிப்பார்களோ என்று ஒரு பயம். ஒருவேளை அந்த ஆள் திரும்பி வந்துவிடுவாரோ என்ற அசட்டு நம்பிக்கை வேறு. வியாழக்கிழமை இரவு தாங்க முடியாமல் அம்மாவிடம் சொன்னேன். அம்மா திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, “வா, ஸ்டேஷனுக்குப் போவோம்” என்றார்.

அக்கம்பக்கக் காவல் நிலையத்தில் யாரும் சிரிக்கவில்லை. உரையாடலின் படங்கள், பரிமாற்ற எண், நேரம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். பிறகு என் புகாரை விசாரித்த அதிகாரி தொலைபேசியில் பேசினார். பணம் வந்த சில நிமிடங்களில் வேறு கணக்குக்குப் போய்விட்டது என்று சொல்லிவிட்டு, போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார். எனக்குப் பிறகு புதன்கிழமை முழுவதும் அதே கணக்குக்கு வேறு சிலரும் பணம் அனுப்பியிருக்கிறார்கள்.

அதை நான் இன்னும் மறக்கவில்லை. செவ்வாய் இரவே சொல்லியிருந்தால் என் பணம் திரும்பியிருக்குமா என்று எனக்குத் தெரியாது, அனேகமாகத் திரும்பியிருக்காது. ஆனால் அந்தக் கணக்கு புதன்கிழமையே முடக்கப்பட்டிருக்கலாம். நான் வெட்கப்பட்டுக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்த நேரத்தில் என்னைப் போல் யாரோ தம் தங்கைக்காக, நண்பருக்காகப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை முதலில் முடிவு செய்வது நாம் எந்த வழியில் அனுப்பினோம் என்பதுதான். எங்கள் வகுப்பிலேயே இன்னொரு தோழியும் அதே நிகழ்ச்சிக்கு ஏமாந்தாள். அவள் வாங்கியது ஒரு மறுவிற்பனை இணையத்தளத்தில், அப்பாவின் கடன் அட்டையில். சீட்டு வரவில்லை என்றதும் அவள் அப்பா அட்டை வழங்கிய வங்கியை அழைத்து, பணம் கட்டிய பொருள் கைக்கு வரவில்லை என்று மறுப்புத் தெரிவித்தார். விசா, மாஸ்டர்கார்டு போன்ற கட்டமைப்புகளில் இதற்கென்றே ஒரு நடைமுறை இருக்கிறது. நம் வங்கி விற்பனையாளரின் வங்கியைக் கேட்கும். சீட்டு கொடுத்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டியது விற்பனையாளரின் பொறுப்பு. காட்ட முடியாவிட்டால் பணம் அட்டைக்குத் திரும்பும். இதற்கும் காலக்கெடு உண்டு, பொதுவாக 120 நாள். ஆறு வாரத்தில் அவர்களுக்கு முழுப் பணமும் வந்துவிட்டது.

நான் பயன்படுத்திய பேநவ் அப்படிப்பட்டதில்லை. அது கையில் காசு கொடுப்பது மாதிரி. நொடியில் போய்ச் சேரும், அதுதான் அதன் வசதி. நாமே பொத்தானை அழுத்தி அனுப்பிய பணத்தை, பெற்றவரின் சம்மதமில்லாமல் வங்கி தானாக எடுத்துத் தர முடியாது. 2024 டிசம்பர் 16ஆம் தேதி நடப்புக்கு வந்த பகிரப்பட்ட பொறுப்புக் கட்டமைப்பின்கீழ் வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் சில இழப்புகளை ஈடுகட்டவேண்டியிருக்கும் என்று கேள்விப்பட்டதும் எனக்கும் ஓர் ஆசை வந்தது. படித்துப் பார்த்தேன். போலி இணையத்தளத்தில் நம் கடவுச்சொல்லைப் பறித்து, நமக்குத் தெரியாமல் பணத்தை எடுக்கும் மோசடிகளுக்குத்தான் அது. தெரிந்தே அனுப்பியவருக்கு அதில் இடமில்லை. எல்லாவற்றையும் வங்கி கட்டவேண்டும் என்றால் யாரும் கவனமாக இருக்கமாட்டார்கள் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் சீட்டு விற்பனைக்கு இடம் கொடுக்கும் தளங்கள், பொருள் கைக்கு வரும்வரை பணத்தைத் தாங்களே பிடித்து வைத்திருக்கும் வசதியை விருப்பத்திற்கு விடாமல் கட்டாயமாக்கவேண்டும் என்பதே என் கருத்து. உரையாடலைத் தளத்திற்கு வெளியே இழுத்துச் செல்வதுதான் இந்த ஆள்களின் முதல் வேலை என்பது தளங்களுக்குத் தெரியாததா?

சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்திற்குப் போகலாமே என்று மாமா ஒருவர் யோசனை சொன்னார். 20,000 வெள்ளிவரை கோரலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் போகவேண்டும், 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குத் தனிமனிதர் கட்டவேண்டிய கட்டணம் 10 வெள்ளிதான், வழக்கறிஞர் வேண்டாம். விற்றவர் உண்மையான ஆளாக இருந்து, பெயரும் முகவரியும் தெரிந்து, பணத்தைத் தர மறுத்தால் இது அருமையான வழி. என் விற்பனையாளருக்குப் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. அடையாள அட்டைப் படம்கூட வேறு யாரிடமோ திருடியது.

ஆற்றாமையில் சமூக ஊடகத்தில் என் கதையைப் பதிவிட்டேன். அன்றிரவே ஒருவர் செய்தி அனுப்பினார். மோசடிப் பணத்தை மீட்டுத் தரும் நிபுணராம். 896 வெள்ளியையும் ஒரு வாரத்தில் எடுத்துத் தருகிறேன், முன்பணம் 130 வெள்ளி என்றார். நம்பமாட்டீர்கள், நான் அனுப்பவே போனேன். தங்கைதான் கைப்பேசியைப் பிடுங்கினாள். ஒருமுறை ஏமாந்தவரின் மனம் எவ்வளவு பலவீனமாக இருக்கும் என்பது இவர்களுக்கு நன்றாகத் தெரியும். நம் காவல்துறையோ வங்கியோ தொலைந்த பணத்தை மீட்கக் கட்டணம் கேட்பதில்லை. கேட்பவர் யாராக இருந்தாலும் அவர் இரண்டாவது திருடர்.

பணம் போய்ச் சேர்ந்த கணக்குக்குச் சொந்தக்காரர் ஏறக்குறைய என் வயதுதான் என்று பின்னால் தெரியவந்தது. சில நூறு வெள்ளிக்காகத் தன் வங்கிக் கணக்கை யாரிடமோ கொடுத்திருக்கிறார். இப்படிப்பட்டவரை ஆங்கிலத்தில் பொதி சுமக்கும் கோவேறு கழுதையின் பெயரால் அழைக்கிறார்கள். பொதி யாருடையது என்று கழுதைக்குத் தெரியாது என்பதைச் சட்டம் இப்போது எளிதில் ஏற்பதில்லை. 2024 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தங்களின்படி, அலட்சியமாகக் கணக்கைக் கைமாற்றியவரும் குற்றவாளியாகலாம். விடுமுறையில் சுலபமாகச் சம்பாதிக்கலாம் என்று டெலிகிராமில் வரும் செய்திகளைப் பார்க்கும் இளையர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்.

வழக்கில் கைப்பற்றப்படும் பணம் உடனே திரும்பாது. ஒரே கணக்கில் பலருடைய பணம் கலந்து கிடக்கும்போது யாருக்கு எவ்வளவு என்று வழக்கு முடிந்த பிறகுதான் தீர்மானமாகும். எனக்கு ஒன்றே முக்கால் ஆண்டு கழித்து 112 வெள்ளி வந்தது. அதை வாங்கும்போது மகிழ்ச்சியா கோபமா என்று எனக்கே தெரியவில்லை. தங்கைக்குக் கொடுத்தேன், அவள் ஒரு காலணி வாங்கிக்கொண்டாள்.

2024ல் மட்டும் சிங்கப்பூரில் 51,000க்கும் அதிகமான மோசடிச் சம்பவங்கள் பதிவாயின. பறிபோன தொகை 1.1 பில்லியன் வெள்ளிக்கு மேல். இவை புகார் செய்தவர்களின் கணக்கு. பத்து, ஐம்பது, நூறு வெள்ளி இழந்துவிட்டு, இதற்கெல்லாம் போய்ப் புகாரா என்று விட்டவர்களும், வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று வாய்மூடி இருந்தவர்களும் இதில் இல்லை. அவர்களில் எத்தனை பேர் நம் மாணவர்கள் என்று யோசிக்கிறேன். பெற்றோரிடமும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. “இவ்வளவு படித்தும் உனக்கு அறிவில்லையா” என்ற கேள்வி நியாயமானதாகவே இருக்கட்டும். அதைக் கேட்பதற்கு மறுநாள் காலை வரை பொறுக்க முடியுமா? அன்றிரவு வங்கியின் எண் வேண்டும்.

எனக்கு நடந்தபோது 1799 என்ற எண் கிடையாது. 2024 செப்டம்பரில்தான் அது வந்தது. இருபத்து நான்கு மணி நேரமும் அழைக்கலாம். ‘இது மோசடியோ’ என்ற சந்தேகம் வந்த உடனே, பணம் அனுப்புவதற்கு முன்பே அழைப்பதுதான் சிறந்தது. பணம் போய்விட்டது என்றால் முதலில் நம் வங்கியின் மோசடித் தொடர்பு எண், அடுத்து காவல்துறைப் புகார். புகாரைச் சிங்பாஸ் மூலம் இணையத்திலேயே செய்யலாம். உரையாடலை மட்டும் அழிக்கக்கூடாது. கோபத்தில் நாமே அழித்துவிடுகிறோம், அதற்கு முன் படம் பிடித்துவிடவேண்டும்.

சென்ற மாதம் ஓர் இரவு 11 மணிக்குச் சித்தி மகன் அழைத்தான். தொடக்கக் கல்லூரி முதலாம் ஆண்டு. ஒரு கே-பாப் நிகழ்ச்சிக்கான சீட்டுக்கு 240 வெள்ளி அனுப்பியிருக்கிறான், இருபது நிமிடங்களுக்கு முன். “அக்கா, அம்மாகிட்ட சொல்லாதீங்க” என்றுதான் ஆரம்பித்தான். “அம்மாவை எழுப்பு, அப்புறம் என்கிட்ட பேசு” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கதவு திறக்கும் ஓசை கேட்டது.

வங்கியை அழைத்தோம், ஒலிபெருக்கியில். பணம் வேறொரு வங்கியின் கணக்குக்குப் போயிருக்கிறது, அவர்களுக்குத் தகவல் அனுப்புகிறோம் என்றார்கள். நள்ளிரவுக்குள் காவல்துறைப் புகாரும் முடிந்து புகார் எண் வந்துவிட்டது. அதுவரை வாயே திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்கு மைலோ கலக்கிக் கொடுத்த சித்தி, எண்ணைத் தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுத்தான் திட்ட ஆரம்பித்தார். நான் தொடர்பைத் துண்டித்துவிட்டேன். அந்த 240 வெள்ளி என்ன ஆனது என்று இன்னும் பதில் வரவில்லை.