கையெழுத்துப் போட்டது நீங்கதானே?

அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில், அரசுக் குடியிருப்பில் வாடகைக்கு இருந்த 4 முதியவர்களை வீட்டுவசதி ஆணையம் காலி செய்யச் சொன்னது. அவர்கள் போதைப்பொருளைத் தொட்டதாகக் குற்றச்சாட்டே இல்லை. இருவரின் பேரன்கள் வண்டி நிறுத்துமிடத்தில் கஞ்சா புகைத்தார்கள். இன்னொருவரின் மகள் மூன்று தெரு தள்ளி கொக்கைனோடு பிடிபட்டார். நான்காமவர் 75 வயது மாற்றுத்திறனாளி. அவரைப் பார்த்துக்கொள்ள வந்தவரிடம் கொக்கைன் இருந்தது.

ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் விரிவான அமர்வு 2001இல் முதியவர்கள் பக்கம் நின்றது. 2002 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 8-0 என்று அதைத் தூக்கிப் போட்டது. 'ரக்கர்' வழக்கு என்பார்கள். 1988இன் சட்டத்தில் 'எந்த' போதைக் குற்றமும் என்றுதான் இருக்கிறதாம். வாடகைதாரருக்குத் தெரிந்ததா, தெரியாதா என்ற பேச்சே இல்லையாம்.

சரி, சட்டத்தின் வாசகம் அதுதான். எனக்குப் பொறுக்காதது தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட் சொன்ன அடுத்த காரணம். அரசு இங்கே யாரையும் தண்டிக்கவில்லை. வீட்டுச் சொந்தக்காரராக, வாடகைதாரர் ஒப்புக்கொண்ட நிபந்தனையைத்தான் கேட்கிறது என்றார்.

ஒப்புக்கொண்டாரா? நான் 'ஐ அக்ரீ' பட்டன் வைத்துப் பிழைக்கிறவன். அதை அழுத்துவது சம்மதம் இல்லை, வேறு வழியில்லாமை என்று எங்கள் ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆப் பிடிக்கலைன்னா தூக்கிடலாம். அரசுக் குடியிருப்பைத் தேடி வருகிறவர் வேறெங்கே போவார்? அந்த நிபந்தனையை ஒப்பந்தத்தில் வைத்தே ஆக வேண்டும் என்று கட்டளையிட்டதும் நாடாளுமன்றம்தான். சட்டம் போடும்போது அரசு, காலி செய்யச் சொல்லும்போது ஹவுஸ் ஓனர். ரெண்டு வேஷம், ஒரே ஆள்.

"மற்ற குடித்தனக்காரர்களின் பாதுகாப்பு?" என்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த 75 வயதுக்காரர் வீட்டில் 2 மாதத்தில் 3 முறை கொக்கைன் அகப்பட்டது. அப்போ கொண்டுவந்தவரை வெளியேற்றுங்கள். கிழவரைத் தெருவில் விட்டால் யாருக்குப் பாதுகாப்பு?

வீட்டுக் கடன் வட்டிக்கு வரிச்சலுகை வாங்கும் சொந்த வீட்டுக்காரருக்கும் அமெரிக்க அரசு காசு கொடுக்கத்தான் செய்கிறது. அவர் மகன் பாக்கெட்டில் கஞ்சா இருந்தால் சலுகை போகும் என்று ஒரு வரி சட்டம் உண்டா? கிடையாது. ஏழைக்கு மட்டும் உதவி என்பது, அவர் வீட்டு ஆட்கள் எல்லாருக்கும் போட்ட ஜாமீன் கையெழுத்து.