மாட்டுக்கு வாசல்லயே ஊசி, நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு?

போன வாரம் எங்க தெருவுக்குக் கோமாரி ஊசி போட வந்தாங்க. அவங்க தெருமுனையில நின்னதுமே வீட்டுக்கு வீடு மாட்டை அவுத்துகிட்டு ஓடினோம். நானும்தான். அரை மணியில என் மூணு உருப்படிக்கும் முடிஞ்சது. நல்ல வேலை, குறை சொல்லல.

ராத்திரி சோறு போடும்போது என் சம்சாரம் கேட்டா: "கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இருக்கான்னு பார்க்க எங்களைத் தேடி யாராச்சும் இப்படி வந்தாங்களா?"

எனக்குப் பதில் வரல. எங்க பெரியம்மா அந்த நோய்லதான் போனாங்க. தீட்டு நின்னு பல வருஷம் கழிச்சும் உதிரம் பட்டுகிட்டே இருந்திருக்கு. ஒரு வருஷம் யாருகிட்டயும் சொல்லல. சொன்னப்போ முத்திப்போச்சு.

இந்த நோய் திடீர்னு வர்றதில்லைங்க. எச்பிவி கிருமி தொத்தி, அது புற்றா மாற பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேல ஆகும். அந்த இடைவெளியில பார்த்துட்டா தடுத்துடலாம். அதுக்குப் பெரிய மெஷின் வேணாம். வினிகர்ல இருக்கிற அசிட்டிக் அமிலத்தை 3-லேருந்து 5 சதவீதம் கலந்து, பஞ்சுல நனைச்சுக் கர்ப்பப்பை வாயில தடவி ஒரு நிமிஷம் பொறுத்தா, மாறிப்போன இடம் வெள்ளையாத் தெரியும். வெள்ளையாத் தெரிஞ்சாலே புற்றுன்னு இல்ல, மேல பார்க்கணும்னு அர்த்தம். அந்த இடத்தைக் குளிரவச்சோ சூடுவச்சோ அழிச்சிடலாம். பயிற்சி எடுத்த நர்ஸே பார்க்கலாம்.

"வினிகர் தடவுறதெல்லாம் ஒரு வைத்தியமா?"ன்னு கேக்கறவங்க திண்டுக்கல்லைப் பாருங்க. 2000-லேருந்து 2003 வரைக்கும் அங்க நம்மளை மாதிரி கிராமங்கள்ல 30-லேருந்து 59 வயசு வரைக்கும் உள்ள 31,343 பெண்களுக்கு நர்ஸுங்களே பார்த்தாங்க. பார்க்காத ஊர்களோட ஒப்பிட்டா நோய் 25 சதவீதமும், சாவு 35 சதவீதமும் குறைஞ்சது. 2007-ல லான்செட் பத்திரிகையில வந்த கணக்கு இது.

இதுலயும் குறை உண்டு. மராட்டியத்துல உஸ்மானாபாத்ல ஒரே ஒரு தடவை பார்த்த ஆய்வுல வினிகர் முறை பெரிசாப் பலன் காட்டல. எச்பிவி சோதனைதான் சாவைக் கிட்டத்தட்டப் பாதியாக் குறைச்சது. அந்தச் சோதனைக்குப் பொம்பளைங்க தாங்களே மாதிரி எடுத்துக் குடுக்கலாம். அது ஊருக்கு ஊர் வரட்டும், சந்தோஷம். ஆனா அது வர்ற வரைக்கும் கையில இருக்கிறதை மூடி வைக்கலாமா?

நம்ம அரசாங்கமும் சும்மா இல்ல. 2007-லயே தேனி, தஞ்சாவூர்ல ஆரம்பிச்சு அப்புறம் எல்லா மாவட்டத்துக்கும் கொண்டுவந்தாங்க. ஆஸ்பத்திரியில இலவசம்தான். அப்படியும் 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல, 30-லேருந்து 49 வயசுக்குள்ள ஒரு தடவையாச்சும் பார்த்துக்கிட்டவங்க தமிழ்நாட்டுல 9.8 சதவீதம்தான். பத்துக்கு ஒண்ணு கூட முழுசா இல்ல. நாடு முழுக்க 1.9 சதவீதம்னு சொல்லி நாம மாரைத் தட்டிக்க வேணாம்.

மேடையில ஏறினா "விழிப்புணர்வு இல்லை"ன்றாங்க. எனக்குக் கோவம் வர்றது இங்கதான். சிதம்பரம் பக்கம் சம்பா நடவுக்கு விடியறதுக்குள்ள கிளம்புறவ, காலையில ஆஸ்பத்திரி வரிசையில எப்படி நிப்பா? போனா அன்னைக்குக் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. பார்க்கிறது ஆம்பளை டாக்டரோங்கிற கூச்சம் வேற. போயிட்டு வந்தா "உனக்கு என்னடி நோவு?"ன்னு கேக்க நாமளே திண்ணையில உக்காந்திருக்கோம்.

அதனால நான் கேக்கறது மூணே மூணு. சித்திரை, வைகாசியில வயல் வேலை குறைவா இருக்கும்போது ஊருக்கே பெண் நர்ஸை அனுப்புங்க, மறைவான ஒரு அறையோட. நூறு நாள் வேலைக்குப் போறவங்களுக்கு அன்னைக்கு வேலைக்கு வந்ததாவே கணக்கு எழுதுங்க. வெள்ளையாத் தெரிஞ்சா "கடலூர் போ"ன்னு சீட்டு எழுதிக் கைகழுவாம, முடிஞ்ச வரைக்கும் அன்னைக்கே வைத்தியம் பண்ணுங்க. அலைய விட்டா பாதிப்பேர் திரும்ப வரமாட்டாங்க.

மே 1 கிராம சபையில இதை மனுவா எழுதிக் குடுக்கப்போறேன். ஆம்பளைங்களும் கையெழுத்துப் போடணும். மாட்டைப் புடிச்சுகிட்டு ஓடிவந்தவங்க அத்தனை பேரையும் அங்க எதிர்பார்க்கிறேன்.