கை ஆடினால்தான் மணி ஓடும்

"செல்போனில்தான் மணி தெரியுதே, எதுக்கு ஸார் வாட்ச்?" என்று கேட்பவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. அவர்கள் சொல்வது நியாயம். பி.காம். படித்தவன் என்ற முறையில் நானே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் காலத்தில் கைக்கடிகாரம் வாங்குவது வீண் செலவு. அதிலும் ஆட்டோமேட்டிக் வாங்குவது, வீண் செலவுக்கு வட்டியும் சேர்த்துக் கட்டுகிற மாதிரி.

அப்படியும் போன வருஷம் ஒன்று வாங்கினேன். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். வீட்டில் சொன்ன விலை வேறு. அது குடும்ப விவகாரம்.

ஆட்டோமேட்டிக் என்றால் என்ன என்று தெரியாத தம்பிகளுக்கு இரண்டு வரி. இதற்கு பேட்டரி கிடையாது. தினமும் சாவி கொடுக்கவும் வேண்டாம். உள்ளே பாதி அப்பளம் மாதிரி ஒரு கனமான தகடு இருக்கிறது. நீங்கள் கையை ஆட்ட ஆட்ட அது சுற்றும். அது சுற்றினால் ஸ்பிரிங் முறுக்கேறும். ஸ்பிரிங் மெதுவாகத் தளர்ந்து முள்ளை ஓட்டும். அதாவது, பெட்ரோல் நீங்கள்தான். நீங்கள் படுத்தால் அதுவும் படுத்துவிடும்.

என்னுடையது ஸீகோ 5. ஜப்பான்காரன் 1963-ல் ஆரம்பித்த வரிசை. அந்த 'ஐந்து' என்ன என்று எங்கள் ஆபீஸில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. ஐந்து வருஷ வாரண்டி என்றார் ஒருவர், ஐந்தாம் நம்பர் ராசி என்றார் இன்னொருவர். விஷயம் இதுதான்: தானாகச் சாவி ஏறுவது, கிழமையும் தேதியும் ஒரே ஜன்னலில் தெரிவது, தண்ணீருக்கு ஓரளவு தாங்குவது, திருகை மூன்று மணிப் பக்கம் துருத்தாமல் நாலு மணிப் பக்கம் ஒதுங்கியிருப்பது, கேஸும் செயினும் உழைப்பது. இந்த ஐந்து சௌகரியத்தையும் சம்பளக்காரன் வாங்குகிற விலையில் கொடுத்தார்கள். துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போன நம் ஆட்கள் திரும்பி வரும்போது டேப் ரிக்கார்டர், சென்ட் பாட்டிலோடு இதையும் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

தர்மபுரியில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் ஆட்டோமேட்டிக்குக்கு ஆசைப்படுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் அப்பாக்கள் காலத்தில் வாட்ச் என்றால் எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் 1961-ல் தொடங்கிய அரசாங்கத் தொழிற்சாலை. ஜனதாவுக்குத் தினமும் சாவி கொடுக்க வேண்டும். கொஞ்சம் வசதியான மாமனாராக வாய்த்தால் மாப்பிள்ளைக்கு ஆட்டோமேட்டிக். பிறகு 1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனை ஆரம்பித்தார்கள். தொழிற்சாலை எங்கே? ஓசூரில். அப்போது ஓசூர் எங்கள் தர்மபுரி ஜில்லா! சுற்றுவட்டாரத்தில் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள் போய் உட்கார்ந்து, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச்சாகப் பண்ணித் தள்ளினார்கள். டி.வி.யில் மொஸார்ட் இசை வாசித்து அதை விற்றார்கள். மொஸார்ட் யார் என்று தெரியாமலே பாலக்கோடு வரைக்கும் எல்லோரும் அந்த ட்யூனைச் சீட்டியடித்தோம்.

குவார்ட்ஸ் என்பது வினாடிக்கு 32,768 தடவை அதிர்கிற கல். என் வாட்ச் வினாடிக்கு ஆறு தடவை தட்டும். கபடியில் இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் முப்பத்திரண்டாயிரம் பேர் என்றால் யார் ஜெயிப்பார்கள்? எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் பண்ணிப் பார்த்தது. முடியவில்லை. 2016 ஜனவரியில் மத்திய மந்திரி சபை அதன் வாட்ச் கம்பெனியை மூட முடிவெடுத்தது. நடுவில் 2004-ல் கிருஷ்ணகிரி தனி ஜில்லாவாகப் பிரிந்ததில், மாங்காயோடு கடிகாரமும் அந்தப் பக்கம் போய்விட்டது. எங்களுக்கு ஒகேனக்கல் மிச்சம்.

சரி, வாங்கிய கதைக்கு வருவோம். குறைந்த விலையில் ஆட்டோமேட்டிக் தேடுகிறவர்கள் முதலில் போய் விழுவது, ஆன்லைனில் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரத்துக்கு வருகிற 'பழைய எச்.எம்.டி., பழைய ஸீகோ'க்களில்தான். பளபளவென்று இருக்கும். மயில் பச்சை, குங்குமச் சிவப்பு என்று அந்தக் கம்பெனிகளே கனவிலும் நினைக்காத கலரில் டயல்! இவற்றுக்கு 'பம்பாய் ஸ்பெஷல்' என்று வெளிநாட்டுக்காரர்கள் பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். நாலு செத்த வாட்ச்சிலிருந்து நாலு பாகம் எடுத்து, டயலுக்குப் புது பெயிண்ட் அடித்து ஐந்தாவதாக ஒன்று பண்ணுவது. எழுத்து லேசாக அப்பியிருந்தாலோ, நாற்பது வயசுக் கேஸுக்குள் நேற்றுப் பிறந்த டயல் இருந்தாலோ விலகிவிடுங்கள். மூடியைக் கழற்றி மெஷின் போட்டோ கேளுங்கள். பதில் வராது. அதுதான் பதில்.

எனக்குக் கிடைத்தது பென்னாகரம் பக்கம் ஒரு பெரியவரிடம். 1998-ல் துபாயில் வாங்கியதாம். மகன் அவருக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்துவிட்டான். "அது நான் எத்தனை அடி நடக்கிறேன்னு எண்ணுது தம்பி. எண்ணி எண்ணி மகனுக்கு வேற சொல்லுது" என்று அலுத்துக்கொண்டார்.

வளைகுடா மாடல் என்பதால் கிழமைச் சக்கரத்தில் இங்கிலீஷும் அரபியும் மாறி மாறி இருக்கும். ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் என் வாட்ச் கொஞ்ச நேரம் அரபி பேசும். விடிவதற்குள் இங்கிலீஷுக்குத் திரும்பிவிடும். இது நடக்கிற நேரத்தில், அதாவது ராத்திரி ஒன்பதிலிருந்து விடியற்காலை வரை, தேதியைக் கையால் மாற்றக் கூடாது. உள்ளே பல் சக்கரங்கள் கோத்துக்கொண்டிருக்கும், பல் போய்விடும்.

ஆனால், வந்தபோது நாளைக்கு நாலு நிமிஷம் வேகமாக ஓடியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பாய் கடைக்குக் கொண்டுபோனேன். கடை என்றால், ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்க முடியாத கண்ணாடிப் பெட்டி. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்தார்.

"ஏங்க ஸார், இது ஸ்பீக்கர், டி.வி. மேல கெடந்துதா?"

பெரியவர் வீட்டில் அது ரேடியோப் பெட்டி மேல் இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

"காந்தம் ஏறிக்கிச்சு. மயிர் மாதிரி ஒரு ஸ்பிரிங் இருக்குதுல்ல, அது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அதான் ஓடுது. ஆயிலும் காய்ஞ்சிருக்கு" என்றவர், மூடியின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பினார். சிரித்தார். "இது என் கைதாங்க."

ஊசியால் கீறிய பொடி எழுத்து: 12.6.11. சர்வீஸ் பண்ணின தேதியை அப்படிக் கீறி வைப்பது வாட்ச்காரர்கள் வழக்கம். பெரியவர் அப்போதே பஸ் ஏறி இவரிடம்தான் வந்திருக்கிறார்.

தொள்ளாயிரம் ரூபாய், பத்து நாள். சக்கரம் சக்கரமாகக் கழற்றி, கழுவி, எண்ணெய் விட்டுக் கோத்துக் கொடுத்தார். இப்போது நாளைக்குப் பதினெட்டு செகண்ட் முந்துகிறது. மாசத்துக்கு ஒன்பது நிமிஷம். குவார்ட்ஸ்காரன் ஒரு மாசத்தில் தவறுவதை என் வாட்ச் ஒரே நாளில் முடித்துவிடுகிறது. ஒன்றாம் தேதி சம்பளம் வந்ததும் மணியைச் சரி செய்துகொள்கிறேன். இருபதாம் தேதிக்கு மேல் டவுன் பஸ்ஸுக்கு நான் எப்போதும் முன்கூட்டியே வந்துவிடுகிறேன்.

அது தாங்குவது சுமார் நாற்பது மணி நேரம். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கழற்றி வைத்துப் பாருங்கள், திங்கள் காலை பத்து மணிக்கு நிற்கும். ஆபீஸ் தொடங்குகிற நேரத்தில் வேலையை நிறுத்துகிற இந்தக் குணத்தைப் பார்த்து எங்கள் ஹெட் கிளார்க், "இது கவர்மெண்ட்ல வேலைக்குச் சேர வேண்டிய வாட்ச்சுய்யா" என்றார். இந்த மெஷினில் திருகைச் சுற்றிச் சாவி கொடுக்கவும் முடியாது. கோயில் பூசாரி மணியாட்டுகிற மாதிரி ஆட்டினால்தான் எழுந்திருக்கும். கம்ப்யூட்டர் முன்னால் எட்டு மணி நேரம் அசையாமல் உட்காருகிறவர்கள் சாயங்காலம் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தால் வாட்ச்சுக்கு நல்லது.

கணக்குப் பார்த்தால் எங்கேயும் லாபம் இல்லை. மலிவான குவார்ட்ஸ் வாட்ச்சுக்கு பேட்டரி மாற்ற இருநூறு ரூபாய் ஆகாது. அதன் மெஷின் செத்தால் யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை, மொத்தமாக எடுத்து எறிந்துவிட்டு வேறு போடுகிறார்கள். என்னுடையதைக் கழற்றலாம். ஆனால் கழற்றத் தெரிந்த கை வேண்டுமே. ஆட்டோமேட்டிக் வாங்க ஆசைப்படுகிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன் உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டயல் கலரையெல்லாம் அப்புறம் யோசிக்கலாம்.

பாய்க்கு அறுபத்தேழு வயசு. "ஒரு நாளைக்கு இருபது பேட்டரி மாத்தறேன் ஸார். மெஷின் தொறந்து மாசக்கணக்காச்சு. கண்ணு இன்னும் நல்லாத்தான் இருக்கு" என்றார். பையன் ஓசூரில் செல்போன் பாகம் பண்ணுகிற கம்பெனியில் இருக்கிறான். மாசா மாசம் சம்பளம் வருகிறது, அவனைக் கூப்பிட்டு இந்தப் பெட்டிக்குள் உட்கார வைக்க பாய்க்கு மனசில்லை. எனக்கும் அதைக் குறை சொல்ல வாயில்லை.

மூடியை மாட்டுவதற்கு முன், பழைய தேதிக்குக் கீழே புதுத் தேதியைக் கீறினார். "நாலு வருஷம் கழிச்சு ஒருக்கா கொண்டாங்க."

"கட்டாயம் வர்றேன் பாய்."

அதற்கும் கீழே இன்னும் ரெண்டு தேதி எழுத இடம் இருக்கிறது என்று லென்ஸ் வழியாக எனக்கும் காட்டினார்.