வாயும் வேண்டும், லைனும் வேண்டும்!



பால்மரம் இருந்த காலத்தில் சங்கக்காரர்கள் தோட்டத்துக்குள் நுழைவதே பெரும்பாடு. கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். எப்படியோ நுழைந்து கூட்டம் போட்டாலும், வாயைத் திறந்த ஆளின் பெயரைக் கிராணி குறித்துக்கொள்வார். நுழையவும் வழி வேண்டும், நுழைந்த பின் பேசவும் விட வேண்டும். ஒன்று இல்லையென்றால் இரண்டும் இல்லை. இது நாம் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

இன்று அந்தக் கேட்டு இணையத்தில் இருக்கிறது.

முதலில் வழியைப் பார்ப்போம். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் பள்ளிப் பாடம் கைப்பேசிக்குள் போய்விட்டது. வீட்டில் ஒரே போன், பிள்ளைகளோ மூன்று பேர்! 2021 இறுதியோடு 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. பழைய போன் வைத்திருந்தவர்கள் திண்டாடினார்கள். 2024 ஜனவரி முதல் மார்ச் வரை 'பாடு' தளத்தில் குடும்ப விவரத்தைப் பதியச் சொன்னது அரசாங்கம். "ஏன் தம்பி, கவர்மெண்டு உதவிக்கும் இனி போன் இருந்தாதான் ஆகுமா?" என்று சுங்கை சிப்புட்டில் ஒரு பாட்டி நம்மைக் கேட்டார். என்ன பதில் சொல்வது?

அடுத்தது வாய். 2016-இல் ஓவியர் ஃபாமி ரேசா, அன்றைய பிரதமர் நஜிப்பின் முகத்தைக் கோமாளி முகமாக வரைந்து இணையத்தில் போட்டார். வழக்கு நடந்தது நம் ஈப்போவில்தான். 2018 பிப்ரவரியில் செஷன்ஸ் நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 30,000 வெள்ளி அபராதமும் விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் சிறையை நீக்கி, அபராதத்தை 10,000 வெள்ளியாகக் குறைத்தது.

வழக்குப் போட்டது, 1998-ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவில். வேடிக்கை என்னவென்றால், இணையத்தைத் தணிக்கை செய்ய இச்சட்டம் இடம் தருவதாகக் கொள்ளக்கூடாது என்று அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவு சொல்கிறது! 2025-இல் வந்த திருத்தம் 233-இன் உச்ச அபராதத்தை 50,000-இலிருந்து 500,000 வெள்ளியாகவும், சிறையை ஓராண்டிலிருந்து இரண்டாண்டாகவும் ஏற்றியது. அதே 2025-இல் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தாலும் அந்த அபராதத்துக்கு 24 ஆண்டுக்கு மேல் ஆகும்!

பண மோசடிக்காரனையும் இனத் துவேஷம் பரப்புபவனையும் தண்டிக்கட்டும்; நாமும் அதைத்தான் கேட்கிறோம். ஆனால், லயத்தில் தண்ணீர் வரவில்லை என்று படம் போடுகிறவன் பயப்படக் கூடாது.

லைன் யாருக்கு, பேச்சுக்கு எல்லை எது என்பதை உலக அளவிலும் பேசுகிறார்கள். 2003-இல் ஜெனிவா, 2005-இல் துனீஸ் மாநாடுகள் நடந்தன. 2006-இல் ஏதென்ஸில் தொடங்கி ஐ.நா.வின் இணைய ஆளுகை மன்றம் ஆண்டுதோறும் கூடிவருகிறது. 2012 ஜூலையில் ஐ.நா. மனித உரிமை மன்றம், நேரில் உள்ள உரிமைகள் இணையத்திலும் காக்கப்பட வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. அப்போது மலேசியாவும் அம்மன்றத்தில் உறுப்பினர்!

அங்கேயும் எல்லாம் சரியென்று நினைக்க வேண்டாம். 2009-இல் எகிப்தில் கூடிய இணைய மன்றத்தில், இணையத் தணிக்கை பற்றிய ஒரு நூலுக்குத் தட்டி வைத்தார்கள். அதில் சீனாவின் தணிக்கை பற்றி ஒரு வரி இருந்தது. ஐ.நா. பாதுகாவலர்களே வந்து தட்டியை எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1919-இல் தோன்றிய அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தில் அரசாங்கம், முதலாளி, தொழிலாளி என்று மூன்று தரப்புக்கும் ஓட்டு உண்டு. இணைய மன்றத்தில் யாரும் கலந்துகொள்ளலாம். இருந்த இடத்திலிருந்து இணையம் வழியாகவும் பேசலாம். ஆனால் தொழிலாளிக்கென்று ஒதுக்கிய நாற்காலி இல்லை. கதவு திறந்திருக்கிறது, உள்ளே போக நமக்கு லைன் இல்லை!

ஆகவே தோழர்களே, தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் போராடியது போல் லைனுக்கும் போராடுவோம். 233-ஆம் பிரிவைத் திருத்தக் கோரி ஒவ்வொரு கிளையிலும் தீர்மானம் போட்டுத் தலைமையகத்துக்கு அனுப்புவோம். அடுத்த இணைய மன்றத்தில் தோட்டத்துக் குரல் ஒன்றாவது ஒலிக்கட்டும்.

நாம் பேசாவிட்டால் நமக்காக வேறு யாரோ பேசுவார்கள். என்ன பேசினார்கள் என்று தெரிந்துகொள்ளக்கூட நமக்கு லைன் இருக்காது!